இடுப்பு வலிக்குச் சரியான பெயர் வைப்போம்

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



நெல்லுக்கு எவ்வளவு தழைச்சத்து, உளுந்துக்கு எப்போது டி.ஏ.பி. கரைசல் என்று பேச வேண்டிய உழவியல் ஆசிரியன் இன்று உங்கள் இடுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. வரிசை நடவையும் களையெடுப்பையும் பற்றி எவ்வளவு விளக்கினாலும், முடிவில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "எல்லாம் சரிங்க, குனிய முடியலையே!" குனிய முடியாதவருக்கு நல்ல விதை இருந்தும் பயனில்லை, பருவத்தில் மழை பெய்தும் பயனில்லை.

இது நம் ஊர்த் துன்பம் மட்டுமன்று. 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியால் துன்புற்றதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதரை வேலை செய்யவிடாமல் முடக்கும் நோய்களின் வரிசையில் இதுவே முதலிடத்தில் நிற்கிறது.

நான் மருத்துவன் அல்லன். மருத்துவர் சொல்வதை மாற்றிச் சொல்லவும் வரவில்லை. மருத்துவரிடம் எப்போது போவது, என்ன கேட்பது, அவர் தரும் சீட்டில் எதைப் பார்ப்பது, வயலில் எதை மாற்றுவது என்ற நான்கை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

பயிருக்கு ஒரு நியாயம், உடலுக்கு ஒரு நியாயமா?

நெற்பயிர் மஞ்சளாகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே கடைக்குப் போய்க் கிடைத்த மருந்தை வாங்கித் தெளிப்பவரை நாம் அறிவாளி என்று சொல்வதில்லை. அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. இளங்குருத்து வெளுத்தால் இரும்புச்சத்துக் குறையாக இருக்கலாம். பயிர் குட்டையாகி இலை ஆரஞ்சு மஞ்சளாக மாறினால் பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயோ என்று பார்க்க வேண்டும். மஞ்சள் நிறம் ஒன்றுதான், காரணம் வேறு வேறு. காரணத்துக்கு ஏற்பத்தான் மருந்து.

இடுப்பு வலியும் அப்படித்தான். அது ஓர் அறிகுறி. தசைப்பிடிப்பிலும் வலிக்கும், நரம்பு அழுந்தினாலும் வலிக்கும், சிறுநீரகக் கல்லிலும் வலிக்கும், எலும்பில் காசநோய் வந்தாலும் வலிக்கும். பயிருக்குக் காட்டும் பொறுமையை நம் உடலுக்கும் காட்ட வேண்டாமா?

நெல் ரகத்துக்கு எண் உண்டு. நோய்க்கும் எண் உண்டு

ஏ.டி.டி. 43 என்று சொன்னவுடன் 110 நாள் வயது, சன்ன அரிசி என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. சி.ஆர். 1009 என்றால் நீண்டகாலச் சம்பா ரகம் என்று புரிகிறது. பையில் உள்ள எண் மாறினால் குறுவையே பாழாகும் என்பதால்தான் சான்று விதைக்கு நீல அட்டை கட்டி, ரகத்தின் பெயரை எழுதி முத்திரை வைக்கிறார்கள்.

மருத்துவத்திலும் இப்படி ஓர் எண் முறை இருக்கிறது. 1893-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்த்தியோன் இறப்புக் காரணங்களுக்கு ஒரு பட்டியல் வகுத்தார். அது வளர்ந்து, 1948 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் எல்லா நோய்களுக்குமான பட்டியலாயிற்று. அதன் பத்தாம் திருத்தம் 1990-இல் ஏற்கப்பட்டது. பதினோராம் திருத்தம் 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. நம் மருத்துவமனைச் சீட்டுகளில் இன்னும் பல இடங்களில் பத்தாம் திருத்தத்தின் எண்களையே காணலாம்.

அந்தப் பட்டியலில் தசை, எலும்பு, மூட்டு நோய்களுக்கு 'எம்' என்ற எழுத்து. எம் 54 முதுகு வலி. அதில் எம் 54.5 சாதாரண இடுப்பு வலி. எம் 54.4 காலுக்கு இறங்கும் வலியோடு கூடிய இடுப்பு வலி. எம் 51.1 வட்டு நரம்பை அழுத்துவதால் வரும் நோய். ஏ 18.0 எலும்பு மூட்டுக் காசநோய். என் 20 சிறுநீரகக் கல். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 'இடுப்பு வலி' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்கு மருத்துவர் ஏட்டில் பல கட்டங்கள் உள்ளன என்று தெரிந்தால் போதும்.

உயிரியல், தாவரவியல் படித்த உங்கள் ஊர்ப் பிள்ளைகள் சென்னையிலும் கோவையிலும் 'மெடிக்கல் கோடிங்' வேலைக்குப் போகிறார்கள் அல்லவா? அவர்கள் செய்வது இதைத்தான். அமெரிக்க மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, உரிய எண்ணை இடுகிறார்கள். அந்நாட்டில் எம் 54.5 என்ற எண்ணை 2021 அக்டோபர் முதல் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். பழைய எண்ணைப் போட்டால் காப்பீட்டுக் கழகம் பணம் தராது. அவர்கள் தொழிலில் ஒரு நல்ல விதி உண்டு. வெளிநோயாளியின் சீட்டில் மருத்துவர் 'இந்த நோயாக இருக்கலாம்' என்று ஐயத்தோடு எழுதியிருந்தால், அதை உறுதியான நோயாகக் குறிக்கக் கூடாது. வலி என்று மட்டுமே குறிக்க வேண்டும். இந்த விதியை நாமும் பின்பற்றினால் பல குடும்பங்களின் நகை அடகுக்குப் போகாது.

பத்தில் ஒன்பது சாதாரண வலியே

இடுப்பு வலியோடு வருபவர்களில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு, இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று ஒரு தனிக் காரணத்தைச் சுட்ட முடிவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தசையும் தசைநாரும் மூட்டும் சேர்ந்து வலிக்கின்றன. இதைத்தான் சாதாரண இடுப்பு வலி என்கிறோம். வலி சாதாரணம் என்று பொருள் இல்லை. இரவெல்லாம் புரண்டு படுக்க முடியாமலும் இருக்கும். ஆனால் ஆபத்தில்லாதது. பெரும்பாலோருக்கு ஆறு வாரத்துக்குள் நன்கு குறைந்துவிடும்.

இந்த எளிய பெயரைச் சொன்னால் பலருக்கு நிறைவு ஏற்படுவதில்லை. "ஜவ்வு விலகிவிட்டது", "எலும்பு தேய்ந்துவிட்டது" என்று பெரிய பெயர் வேண்டியிருக்கிறது. பெரிய பெயர் வந்தவுடன் பெரிய செலவும் பின்னால் வருகிறது.

ஸ்கேன் காட்டுவதெல்லாம் நோயா?

1994-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். இடுப்பு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு, அதாவது நாம் ஜவ்வு என்று சொல்வது, அவர்களில் 52 விழுக்காட்டினருக்குப் பிதுங்கியிருந்தது. எல்லா வட்டுகளும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினரே. தலை நரைப்பது போல வட்டும் வயதோடு தேய்கிறது.

எனவே வலி வந்த முதல் வாரத்திலேயே ஸ்கேன் எடுத்தால் ஏதோ ஒன்று தெரியத்தான் செய்யும். அதுதான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஸ்கேன் எப்போது வேண்டும் என்பதை மருத்துவர் சோதித்துப் பார்த்து முடிவு செய்வார். மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்திப் பார்ப்பார். கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்வார். உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். இந்தச் சோதனைகளுக்கு ஐந்து நிமிடம் போதும். இவை எதையும் செய்யாமல் ஸ்கேனுக்கு மட்டும் எழுதித் தந்தால், "ஐயா, இதனால் என் வைத்தியம் எப்படி மாறும்?" என்று பணிவோடு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

காலுக்கு இறங்கும் வலி

இடுப்பிலிருந்து பின்தொடை வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்வது போல் வலி ஓடினால் நரம்பு அழுந்துகிறது என்று ஐயுறலாம். இதற்கும் உடனே கத்தி வேண்டியதில்லை. 2007-இல் நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்த ஆய்வில், விரைவில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி முன்னதாகக் குறைந்தது உண்மை. ஆனால் ஓராண்டு முடிவில், அறுவையைத் தள்ளிப்போட்டுப் பொறுத்திருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்திருந்தனர். கால் நாளுக்கு நாள் பலம் இழந்தால் பொறுக்கக் கூடாது. பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபட்டால் உடனே எலும்பு மருத்துவரிடமோ நரம்பு அறுவை மருத்துவரிடமோ போக வேண்டும்.

சிறிய பெயருக்குள் ஒளியும் பெரிய நோய்கள்

சாதாரண வலிக்குப் பெரிய பெயர் வைத்தால் பணம் போகும். பெரிய நோயைச் சாதாரண வலி என்று விட்டுவிட்டால் காலே போகும். ஆகவே கீழ்க்கண்ட அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. சிறுநீரோ மலமோ அடக்க முடியாமை, சிறுநீர் பிரியாமை, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப் போதல், இரண்டு கால்களும் தளர்தல்: தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்கியதன் அடையாளம் இது. அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மறுநாள் என்று தள்ளக் கூடாது.

2. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை, ஓய்விலும் இரவிலும் தணியாத வலி: காசநோயா என்று பார்க்க வேண்டும். இருமல் இல்லாமலும் முதுகெலும்பில் காசநோய் வரும். இதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். ஓராண்டு வரையும் உட்கொள்ள வேண்டி வரலாம். இடையில் நிறுத்தக் கூடாது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் பங்கேற்று 1989-இல் வெளியான ஆய்வு, பெரும்பாலோரை அறுவை சிகிச்சை இல்லாமல், நடமாடிக்கொண்டே மருந்து உட்கொள்ளச் செய்து குணமாக்கலாம் என்று காட்டியது. நேரத்தில் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

3. மரத்திலிருந்தோ கிணற்றிலோ டிராக்டரிலிருந்தோ விழுந்தபின் வரும் வலி: எலும்பு முறிந்திருக்கலாம். ஆளைத் தோளில் தூக்கிப்போட்டுக் கொண்டு ஓடாதீர்கள். அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

4. மாதவிலக்கு நின்ற தாய்மார்களுக்கு, ஒரு குடம் தூக்கியதும் திடீரென்று வரும் கடும் வலி: சுண்ணாம்புச்சத்து குறைந்து மெலிந்த எலும்பு நொறுங்கியிருக்கலாம்.

5. இளைஞர்களுக்குக் காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, வேலை செய்யச் செய்யத் தளர்ந்து, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி: இது முதுகெலும்பு வாத நோயாக இருக்கலாம். இதற்குத் தனி மருந்து உண்டு.

6. விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு அலை அலையாக இறங்கும் வலி, சிறுநீரில் இரத்தம்: சிறுநீரகக் கல்லாக இருக்கலாம்.

முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் புதிதாக முதுகு வலி வந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

படுக்கையும் மாத்திரையும்

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை என்றால் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, படுத்துக் கிடக்காதீர்கள். 1995-இல் ஹெல்சிங்கி நகரில் 186 ஊழியர்களை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். படுக்கையில் ஓய்வெடுத்தவர்களையும் தனிப் பயிற்சி செய்தவர்களையும் விட, வலி தாங்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர். ஓரிரு நாள் கனமான வேலையைக் குறைக்கலாம். வீட்டுக்குள் நடமாட வேண்டும்.

இரண்டாவது, மாத்திரை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை சில நாள் உதவும். ஆனால் வெறும் வயிற்றில் உட்கொண்டால் வயிறு புண்ணாகும். வெயிலில் வியர்வை ஒழுக, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்துகொண்டே நாள்தோறும் விழுங்கினால் சிறுநீரகம் கெடும். மருத்துவர் சொன்ன நாளோடு நிறுத்துங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் உட்கொள்ளவே கூடாது. "ஒரே ஊசியில் வலி போகும்" என்று சொல்பவரிடம் ஊசியின் பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், மனத்தளர்ச்சிக்கு ஆலோசனை ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்புப் பெல்ட்டையும் எடை கட்டி இழுக்கும் வைத்தியத்தையும் அது பரிந்துரைக்கவில்லை. பெல்ட்டுக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல களைக்கருவிக்குக் கொடுக்கலாம்.

நடப்பதும் மருந்துதான். 2024-இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்த ஆய்வில், வலி தீர்ந்தபின் ஒழுங்காக நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆயிற்று. செய்யாதவர்களுக்கு 112 நாளில் திரும்பியது. "நாங்கள் நாள் முழுதும் வயலில் நடக்கிறோமே" என்று கேட்பீர்கள். குனிந்து நிற்பதும் சேற்றில் சுமையோடு போவதும் நடைப்பயிற்சி ஆகா. கைவீசி, நிமிர்ந்து, சமதரையில் அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் நடக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்

பட்டாவையும் சிட்டாவையும் பெட்டியில் பூட்டி வைக்கிற நாம், மருத்துவச் சீட்டை மாத்திரை தீர்ந்ததும் எறிந்துவிடுகிறோம். ஒரு பழைய உறையில் எல்லாச் சீட்டுகளையும் தேதி வாரியாக வையுங்கள். மருத்துவமனையில் சேர்ந்து வெளியே வரும்போது தரும் தாளில் நோயின் பெயர், எண், செய்த சிகிச்சை மூன்றும் இருக்கிறதா என்று படித்தவர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன வலியும் அதில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்றால், வெளியே வருமுன் கேளுங்கள். வீடு வந்தபின் திருத்துவது கடினம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகுப்பு எண் உண்டு. நோய்க் குறியீடு வேறு, இந்தத் தொகுப்பு எண் வேறு. ஒன்று என்ன நோய் என்று சொல்வது. மற்றது என்ன செய்தார்கள் என்று சொல்வது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். திட்டம் இருக்கிறது, பணம் நம்முடையதன்று என்பதற்காகத் தேவையில்லாத அறுவைக்கு இணங்காதீர்கள். பணம் அரசினுடையது. முதுகு உங்களுடையது. அவசரமில்லாத அறுவை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வயலில் செய்ய வேண்டியவை

இனி என் துறைக்கு வருகிறேன்.

யூரியா மூட்டை 2018 மார்ச் முதல் 45 கிலோ. அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் 1991-இல் வகுத்த கணக்குப்படி, எல்லா வசதியும் இருக்கும்போதுகூட ஒருவர் கையால் தூக்கும் எடை 23 கிலோவுக்குள் இருப்பது நல்லது. நாம் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூக்குகிறோம். எப்படித் தூக்குவது என்பதை விட எவ்வளவு தூக்குவது என்பதே முக்கியம். மூட்டையைப் பிரித்து இரண்டு சாக்கில் போடுங்கள், அல்லது இருவர் சேர்ந்து தூக்குங்கள். தரையில் அடுக்காமல் இடுப்பு உயரத் திண்ணையில் அடுக்குங்கள். தூக்கியபடியே இடுப்பைத் திருகக் கூடாது. காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும்.

16 லிட்டர் தெளிப்பானில் கரைசல் மட்டும் 16 கிலோ. 10 லிட்டர் ஊற்றி ஒரு நடை கூடுதலாக நடப்பது மேல். மருந்தின் அளவையும் அதற்கேற்பக் குறைத்துக் கலக்க வேண்டும். வரப்பின் மேல் உயரமான இடத்தில் வைத்து, இரு தோளிலும் வாரை மாட்டுங்கள்.

நடவிலும் களையெடுப்பிலும் அதிகம் குனிபவர்கள் பெண்கள். அரைமணிக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து நிமிர்ந்து இரண்டு நிமிடம் பின்னோக்கி வளைய வேண்டும். இதை வேலை கெடுவதாக நிலக்காரர் எண்ணக் கூடாது. 25 செ.மீ. இடைவெளியில் சதுர நடவு செய்தால் கோனோ வீடரை நின்றபடியே உருட்டலாம். நேரடி விதைப்புக் கருவியும் நடவு இயந்திரமும் குனிவதையே தவிர்க்கின்றன. வாங்க வசதியில்லாதவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் வாடகை விவரம் கேளுங்கள்.

டிராக்டர் ஓட்டும் இளைஞர்களுக்கு ஒரு சொல். இருக்கையின் அதிர்வும், கலப்பையைப் பார்க்க அடிக்கடி பின்னால் திரும்புவதும் இடுப்பைக் கெடுக்கும். கிழிந்த இருக்கையை மாற்றுங்கள். மணிக்கு ஒருமுறை இறங்கி நடங்கள்.

உழவர் பெருமக்களே! விதைப் பையில் அட்டையைப் பார்த்துத்தான் விதை வாங்குகிறீர்கள். அதே கவனத்தோடு, இடுப்பு வலி என்று யார் எந்த வைத்தியம் சொன்னாலும், "இதற்கு என்ன பெயர்? உறுதியா, ஐயமா?" என்று கேளுங்கள். சாதாரண வலியென்றால் அஞ்சாமல் நடமாடுங்கள். ஆபத்து அறிகுறி இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். களை முளைக்கும் முன் வயலைப் பார்ப்பது போல, வலி வருமுன் சுமையைக் குறையுங்கள். இன்று வீடு திரும்பியதும், மூட்டை அடுக்கும் இடத்தின் உயரத்தை ஒருமுறை அளந்து பார்க்குமாறு கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.